எட்டாம் மாடிச் சாமியறை

1

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லிஃப்டுக்குள்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. தேங்காயும் கற்பூரமும் வைத்திருந்த ஒரு பெண் எட்டை அழுத்தினாள். ஏழுக்கு மேலே வீடில்லையே என்றேன். "ஓம், வீடில்லை. பிள்ளையார் இருக்கிறார்" என்றாள். மிச்சமெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்: அன்று கடல் கொந்தளித்துக்கொண்டு

[வேண்டாம். இங்கே கடல் தெரிகிற யன்னல்களையெல்லாம் லண்டன்காரர் வாங்கிப் பூட்டிவைத்திருக்கிறார்கள். கொந்தளித்தாலும் பார்க்க ஆளில்லை.]

இரண்டாவது: நாகமணி சட்டை தைக்கிறவள். கடற்கரை ஒழுங்கையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்கு இருந்தாள். அதை இடித்து மாடி கட்டிய வீட்டுக்காரர் பூபாலசிங்கம், பழைய வாடகைக்கே மேலே ஒரு வீடு தருவதாக வாக்குக் கொடுத்தார். வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். ஆனால் மாநகரசபைக் கந்தோரில் அனுமதி கிடைத்தது ஏழு மாடிக்கும், மொட்டைமாடியில் பொதுச் சாமியறை ஒன்றுக்கும்தான்.

"தங்கச்சி, பிளானில இது சாமியறை. ஒரு பிள்ளையார் படத்தை மாட்டிப்போட்டு இருங்கோ. ஆர் வந்து கேக்கப் போகினம்?"

அந்த வாடகைக்கு வெள்ளவத்தையில் கார் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. நாகமணி படத்தை மாட்டினாள்.

3

[பூபாலசிங்கத்தை வில்லனாக எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. சொன்ன சொல்லைக் காத்த மனிதரை என்ன செய்வது?]

பிழை நாகமணியுடையது. படம் சுவரில் இருக்க, விளக்கு வைக்காமலிருக்க அவளுக்கு மனம் வரவில்லை. விளக்கைக் கண்டு நாலாம் மாடி கண்ணாத்தாள் ஆச்சி ஏறி வந்தார். மகனுக்கு விசா கிடைக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டார். கிடைத்துத் தொலைத்தது. அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் வாசலில் செருப்புக் குவிந்தது. நாகமணி கட்டிலையும் தையல் மெஷினையும் திரைக்குப் பின்னால் தள்ளினாள்.

"ஏம்மா, இங்கன கவுச்சி ஏதும் சமைக்கிறதில்லையே?" என்று ஆச்சி ஒருநாள் கேட்டார்.

"ஐயோ, இல்லை ஆச்சி."

கீழே கடல், கடல் நிறைய மீன். அவள் கத்தரிக்காய் வாங்கினாள். எழுதும்போது எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

4

ஒரு புதன்கிழமை பொறுக்கமாட்டாமல் சூடை மீன் வாங்கிப் பொரித்தாள். வாசல் மணி அடித்தது. கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார்.

[இவரை லஞ்சத்துக்குக் கைநீட்டுகிறவராக எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். இவர் நேர்மையானவர். தொல்லையே அதுதான்.]

படத்தைக் கண்டதும் அதிகாரி சப்பாத்தைக் கழற்றினார். கும்பிட்டார். பிறகு மோப்பம் பிடித்தார்.

"நோனா, மெஹே கவுத இன்னே?"

இங்கே யார் இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்கிறார்.

5

பிள்ளையார் என்று அவள் சொன்னால் மாடி தப்பும், நாகமணி கட்டிலோடு இறங்கவேண்டும். நான்தான் என்றால் அது அனுமதியில்லாத வீடு, மாடியையே இடிப்பார்கள். இரண்டையும் எழுதினேன், இரண்டையும் வெட்டினேன். மூன்றாவதாக, அதிகாரி சிரித்துக்கொண்டே அறிக்கைத் தாளை மடித்து

[இல்லை. அப்படிச் சிரித்த அதிகாரியை நான் கண்டதில்லை.]

நாகமணி படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஐயா, உங்களுக்குச் சொந்த வீடு இருக்குத்தானே? நீங்கள் என்னத்தைக் கண்டியள். வாசிக்கிறவையைக் கேளுங்கோ. அவைக்குள்ள வாடகைக்கு இருக்கிறவை ஆராவது இருப்பினம்."

கேட்கிறேன். கொஞ்சம் கெதியாகச் சொல்லுங்கள், அதிகாரி பேனையைத் திறந்துவிட்டார்.