மிங்குக்குப் பின்னால் நின்றவர்கள்

1984 ஒக்டோபரில், அப்டன் பார்க் சீனச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் மிங்கின் நெஞ்சில் இறங்கிய இரும்புக்கம்பி அவருக்கு ஒரு கீறலும் வைக்கவில்லை. அடி முதுகுவழியே வெளியேறி, பின்னால் நின்ற அண்ணன் லாமின் மூன்று விலா எலும்புகளை முறித்தது. மிங்கின் தோல், கல் விழுந்த வாளித் தண்ணீர்போல ஒருமுறை அலைந்து அடங்கியது. பொலிஸ்காரர் வந்து, இருவரும் அளவுக்குமீறி நெருக்கமாக நின்றார்கள் என்று எழுதிக்கொண்டு போனார்.

அங்கே இறால் உரிக்கும் வேலையிலிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் அருள்நேசன் இதைப் பிறீசருக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்தார். பந்தாட்டம் முடிந்த சனிக்கிழமைகளில் மொட்டைத்தலை வெள்ளைக்கார இளைஞர்கள் கடைக் கண்ணாடியை நொறுக்கிக்கொண்டு உள்ளே வருவது வழக்கம். எண்பத்தாறில் லாமின் இடது கண் போனது, எண்பத்தெட்டில் தாடை. அவர் வெளியே போயிருந்த ஒரு நாள், பின்னால் ஆளில்லாமல் விழுந்த அடி போக்கிடமின்றித் திரும்பிவந்து மிங்கின் நாலு பற்களைக் கொண்டுபோனது. அதன்பிறகு லாம் சனிக்கிழமைகளில் கடையை விட்டு அசையவில்லை. அவர் கன்பூசியஸ் வழிக்காரர். தகப்பன் இல்லாத வீட்டில் மூத்தவன்தான் தகப்பன், தன் இடத்தை விட்டு விலகியவன் மனிதனே இல்லை என்பார். மிங் தாவோ வழியைப் பிடித்தவர். சோறு போடுவது கடமை என்று எழுதிவைத்த வீட்டில் சோறு ஆறித்தான் கிடக்கும், அண்ணனை நிற்கச் சொல்லி நான் கேட்கவில்லை, எதிர்க்காதவனுக்கு அடி வெறும் காற்று என்பார். அந்தக் காற்று அண்ணனின் கண்ணைப் பிடுங்கியதைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

லாமின் தாடை உடைந்த அன்று அருள்நேசனின் மனைவி தவநாயகி, அவரைத் தூக்கியபோது கணவனின் சட்டையில் பட்ட இரத்தத்தை ஊறவைத்தபடி கேட்டாள்.

"நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"பிறீசருக்குப் பின்னால."

"ஊரிலயும் வேலி பாய்ஞ்சுதானே தப்பினனீங்கள்."

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்று ஊரில் ஆமிக்காரர் தேடிவந்தது அருள்நேசனை. அகப்பட்டது அவருடைய அண்ணை. வாசலிலேயே அடித்துக் கொன்றார்கள். அருள்நேசன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோனார்.

1991 ஏப்ரலில் ஒருவன் இறைச்சிக் கத்தியோடு வந்தான். கத்தி பிடிவரை மிங்குக்குள் இறங்கியபோது, லாமின் முதுகோடு ஒட்டி அருள்நேசன் நின்றுகொண்டிருந்தார். குத்து இரண்டாகப் பிரிந்தது. லாம், அருள்நேசன் இருவர் நெஞ்சிலும் அரை அங்குலக் காயம், இரத்தம் நிலமெல்லாம் ஓடியது, குத்தியவன் அதிலேயே வாந்தி எடுத்துவிட்டு ஓடினான். முழுதாக ஒருவருக்கே இறங்கியிருந்தால் இதயம் கிழிந்திருக்கும் என்றார் டொக்டர். அம்புலன்ஸிலேயே சகோதரர்கள் சண்டை பிடித்தார்கள். இதுதான் கடமை என்றார் லாம். கடமையென்று யோசித்திருந்தால் அருள்நேசன் வந்தே இருக்கமாட்டான், தண்ணீர் பள்ளத்துக்குப் போனதுபோல வந்தான் என்றார் மிங்.

"எனக்கு ஒண்டும் தெரியாது. கால் வந்திட்டுது," என்று அருள்நேசன் தவநாயகியிடம் சொன்னார்.

ஆள் கூடினால் அடி குறையும் என்பது கடையிருந்த கிரீன் ஸ்ட்ரீட் முழுக்கத் தெரிந்துபோனது. அடுத்த சனிக்கிழமை தையல்கடைக் கிறிஸ்துராஜா வந்து மூன்றாவதாக நின்றார். தொண்ணூற்று நாலில் மிங்குக்குப் பின்னால் பதினான்கு பேர். அந்த வருஷம் கோடரியால் விழுந்த வெட்டு ஆளுக்கொரு கன்றலாக முடிந்தது. தவநாயகி ஷிப்ட் முடிந்து பிந்தி வருவதால் வரிசையின் கடைசியில் நிற்பாள். சாதாரண நாளில் விழும் அடியில் அவளுக்கு வந்து சேர்வது அநேகமாக ஒரு நுளம்புக்கடி அளவுதான். சொறிந்துகொண்டே வீட்டுக்கு நடப்பாள்.