கால் சுற்று

ஒரு வீட்டை அப்படியே தரையிலிருந்து தூக்கலாம் என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் நம்பிவிட்டு, எதற்கு என்று கேட்பார்கள். தெரு வருடா வருடம் உயர்ந்துகொண்டே போகிறது. வீடு பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. மழை வந்தால் தண்ணீர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வருகிறது. அதனால் தூக்குகிறோம். சுவரின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, அதற்குக் கீழே வரிசையாக ஜாக்கி வைப்போம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஜாக்கிக் கம்பியைக் கால் சுற்று திருப்பினால் மாடி, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றோடும் வீடு இரண்டு மில்லிமீட்டர் மேலே போகும். இருபது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை.

என் வேலை மட்டம் பார்ப்பது. தண்ணீர் நிரப்பிய டியூபை மூலைக்கு மூலை கொண்டுபோய், எந்த மூலை ஏறியிருக்கிறது, எது பின்தங்கியிருக்கிறது என்று பார்த்து அத்தானின் காதில் சொல்வேன். அத்தான் என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மேஸ்திரி. நான் காதில் சொன்னதை அவர் ஊருக்கே சொல்வார். தெருவில் ஒரு முக்காலி போட்டு அதன் மேல் ஏறி, "திருப்பேஏஏய்" என்று இழுத்தால் நாலு தெரு தள்ளி ஜன்னல் திறக்கும். எனக்கு அந்தக் குரல் கிடையாது. நாற்பது பேருக்கு முன்னால் வாயைத் திறந்தால் சொல் பாதியிலேயே நின்றுவிடும். நமக்கு அதெல்லாம் வராது என்று முடிவுகட்டிவிட்டு நிம்மதியாகவே இருந்தேன்.

மருந்துக்கடைக்காரரின் மாடி வீடு இரண்டடி உயர வேண்டும். ஒன்றரை அடி ஏறியிருந்தது. மறுநாளிலிருந்து கனமழை என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் மீதி அரையடியையும் ஏற்றி, இடைவெளியைக் கல்லால் அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஜாக்கிகளுக்கு அடியில் இருக்கிற மண் இளகிவிடும். பிறகு வீடு எந்தப் பக்கம் சாய்வது என்பது அதன் இஷ்டம்.

அன்று காலை பார்த்து அத்தான் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அந்தரத்தில் நிற்கும் வீடுகளுக்கு அடியில் முப்பது வருடம் தவழ்ந்தவர், ஒரு சோப்புத் துண்டில் கால் வைத்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து அக்கா போன் செய்து அவரிடம் கொடுத்தாள்.

"இன்னிக்கு நீயே சொல்லிடு," என்றார்.

"எதை?"

"திருப்புன்னு சொல்லு. வேற என்னத்த."

"என்னால முடியாது அத்தான். வேற யாரையாவது அனுப்புங்க."

"வேற யாரு இருக்கா? எந்த மூலை எங்க நிக்குதுங்கிறது உன் தலைக்குள்ளதான் இருக்கு. என்கிட்ட இருக்கிறது வெறும் தொண்டை."

இதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. படுத்துக்கொண்டே பெரிய மனசைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். "போனை வெக்காத, அப்படியே பையில போட்டுக்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றார். போட்டுக்கொண்டேன்.

எதிர்வீட்டு வாசலில், துணி மூட்டைகளுக்கு நடுவே மருந்துக்கடைக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். "மேஸ்திரி வரலியா?" என்றார்.

"இன்னிக்கு நான்தான்." சொன்ன எனக்கே அது பொய் மாதிரி இருந்தது.

எங்கள் ஆட்களில் மூத்தவருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் கண் விழித்தால் ராத்திரி தூங்கும்வரை வாய் ஓயாது. "பயப்படாத தங்கச்சி. மேஸ்திரி மாதிரியே ஒரு சத்தம் குடு. மீதிய நாங்க பாத்துக்கறோம்," என்றார்.

முக்காலியில் ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "திருப்பே" வரைக்கும் வந்தது. அதன் பிறகு குரல் கீச்சென்று உடைந்து நின்றுவிட்டது.

பாதிப் பேர் என் குரலோடு சேர்ந்து நிறுத்தினார்கள். மீதிப் பேர், இன்னும் இழுக்கப்போகிறாள் என்று திருப்பிக்கொண்டே போனார்கள். மேல்மாடி ஜன்னலின் மூலையில் பொலபொலவென்று பூச்சு உதிர்ந்தது. அங்கிருந்து ஒரு முழ நீளத்துக்குச் சுவரில் கோடு விழுந்தது. எதிர்வாசலில் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

டியூபைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூலைக்கு மூலை மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். காகிதத்தில் அது ஒன்றுமே இல்லை, சுவருக்கு அது உயிர் போகிற விஷயம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் கால் சுற்று என்றால் எவ்வளவு என்று கைக்குத் தெரியாது. அத்தானின் மூச்சு எவ்வளவு நேரம் இழுத்ததோ அதுதான் கால் சுற்று. இத்தனை வருடமும் அவருடைய நுரையீரலை அளவுகோலாக வைத்து வீடு தூக்கியிருக்கிறோம். இப்படி ஒரு கிறுக்குத்தனம் வேறு எங்கேயும் நடக்காது.

"ஒம்பதாம் நம்பர்தான் ஓவரா திருப்பிட்டான்," என்று ரேடியோ ஆரம்பித்தார்.

"யாரு, நானா? உங்க ஜாக்கிய மொதல்ல போய்ப் பாருங்க," என்று ஒன்பதாம் நம்பர்காரர் கம்பியைக் கீழே போட்டார். ஆளுக்கு ஆள் கை நீட்டினார்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அதுதான் எனக்கு வழக்கம். எண் என்னுடையது, உத்தரவு அத்தானுடையது. சரியாக வந்தால் என் கணக்கு சரி, தப்பாகப் போனால் அவர் தலை உருளும். உனக்குக் குரல் இல்லை என்று என்னிடம் யாரும் சொன்னதே இல்லை. நானாகத்தான் சொல்லிக்கொண்டேன். குரல் இல்லாதவள் மேல் பழி விழாது. அந்த வசதி இருபது வருடம் எனக்குப் பிடித்திருந்தது. நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"யாரும் தப்பு பண்ணல," என்றேன். "தப்பு என்னுது. மேஸ்திரி மாதிரி கத்திப் பாத்தேன். அது எனக்கு ஆகாது."

சாதாரணமாகப் பேசுகிற குரலில்தான் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால், என்ன சொல்கிறேன் என்று கேட்பதற்காக நாற்பது பேரும் வாயை மூடியிருந்தார்கள், ரேடியோ உட்பட.

முதலில், பின்தங்கிய மூலைகளை ஒவ்வொன்றாக ஏற்றி மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு ஒரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு ஜாக்கி ஜாக்கியாகப் போனேன். கீழே இருக்கிற மரக்கட்டையில் ஜாக்கியைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, அதை நாலாகப் பிரித்துக் கோடு போட்டேன். "ஒரு கோட்டுலேர்ந்து அடுத்த கோடு வரைக்கும். அதுதான் கால் சுற்று. அதுக்கு மேல ஒரு நூலு கூட வேண்டாம்." ஒரு மணி நேரம் ஆனது. யாரும் முணுமுணுக்கவில்லை.

முக்காலியை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, வீட்டுக்குள்ளே போய்க் கூடத்தின் நடுவில் நின்றேன். கதவுகளையெல்லாம் முன்பே கழற்றியிருந்தோம். "நான் மெதுவாத்தான் சொல்லுவேன். பேசிக்கிட்டிருந்தா கேக்காது. கேக்கலைன்னா திருப்பாதீங்க."

"அப்போ நான் என்ன பண்றது தங்கச்சி?" என்றார் ரேடியோ.

"நீங்களும் திருப்பணும்ணே. கையால மட்டும்."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், "திருப்பு," என்றேன்.

நாற்பது கம்பிகள் கோட்டிலிருந்து கோட்டுக்கு நகர்ந்து நின்றன. வீடு எழுந்தது.

இத்தனை வீடுகள் தூக்கியிருக்கிறேன், ஒரு வீடு எழும்போது என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் கேட்டேன். சுவருக்குள்ளே எங்கோ மணல் சரசரவென்று இறங்கியது. இரும்புச் சட்டம் அடித்தொண்டையில் முனகியது. மேல்மாடியில் கழற்ற மறந்துவிட்ட கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத வீட்டில் அது தன் பாட்டுக்கு ஓட, அதையும் சேர்த்து நாங்கள் தூக்கிக்கொண்டிருந்தோம். நான் ஒரு சொல் சொல்கிறேன், அவ்வளவு பெரிய பாரம் கேட்கிறது. பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு மறுபடியும், "திருப்பு," என்றேன்.

முப்பத்தொன்றாவது சுற்றில் சமையலறைப் பக்கமிருந்து காய்ந்த குச்சி ஒடிவது போல ஒரு சத்தம், மிக லேசாக.

"நிறுத்து."

நாற்பது கைகளும் அப்படியே நின்றன. ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. டியூபைப் பார்த்தேன், மட்டம் சரியாக இருந்தது. இருபது வருடமாக அதை மட்டுமே நம்பியவள், அன்றைக்கு அதை நம்பாமல் தரையில் படுத்து டார்ச் அடித்தேன். இருபத்துமூன்றாவது ஜாக்கியின் கட்டை அடிப்பக்கம் பிளந்திருந்தது. இன்னும் நாலு சுற்று போயிருந்தால் அந்த மூலை உட்கார்ந்திருக்கும். முட்டுக் கொடுத்துக் கட்டையை மாற்றினோம்.

"இத்தனை வருஷத்துல இது மாதிரி எத்தனை உடைஞ்சுச்சோ," என்று ரேடியோ கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

எழுபத்தைந்தாவது சுற்று முடிந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. மட்டம் நாலு மூலையிலும் ஒன்றாக இருந்தது. சுவருக்கு அடியில், வீட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் வெளிச்சம் தெரிந்தது. போதும் என்று சொன்ன பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. எதிர்வாசலில் நின்ற அந்த அம்மா சாலையைக் கடந்து வந்து, தன் வீட்டுச் சுவரைத் தொடலாமா என்று என்னிடம் கேட்டார்.

பையில் இருந்த போனுக்குள் அத்தான் கத்திக்கொண்டிருந்தார். எடுத்தேன்.

"என்ன நடக்குது அங்க? காலையில ஒரு கூச்சல் கேட்டுச்சு, அப்புறம் ஒரு சத்தத்தையும் காணோம். வேலைய நிறுத்திட்டீங்களா?"

"ஏத்தியாச்சு அத்தான். மட்டமா நிக்குது. ராத்திரிக்குள்ள கல்லு வெச்சு அடைச்சிருவோம். மேல ஒரு ஜன்னல்கிட்ட விரிசல் விட்டுருச்சு, அது என்னால. அந்த அம்மாகிட்ட சொல்லிட்டுச் சரி பண்ணிக் குடுக்கறேன்."

"சத்தமே இல்லாமயா ஏத்துனீங்க?"

"வீடு நல்லாவே சத்தம் போடுது அத்தான். நாமதான் கேட்டதில்ல."

அவர் குரல் இறங்கிவிட்டது. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "எப்படி இருந்துச்சு?"

"எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் வாங்க. உள்ள நின்னு நீங்களே கேளுங்க."

"நான் உள்ள நின்னா, யாரு திருப்பச் சொல்றது?"

"நான் சொல்றேன்," என்றேன்.