பன்னிரண்டாம் தேதிக் கைதட்டல்

வருடா வருடம் ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி மாலை ஏழு மணிக்கு நகர நாடக அரங்கின் அறுநூற்றுப் பன்னிரண்டு காலி நாற்காலிகளும் நான்கு நிமிடம் கைதட்டும். ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி மட்டும் தட்டாது. அதனால் அன்றைக்கு வாயிற்காவலர் யாரையும் உட்கார விடுவதில்லை, கூட்டிப் பெருக்குகிறவர்கள்கூட நின்றபடியேதான் டீ குடிப்பார்கள். காரணம் ஊருக்கே தெரியும். பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட அந்த இசைநாடகம் அறுபது வருடங்களுக்கு முன் அன்றுதான் முதன்முதலாக மேடையேறியது. அதில் நாயகியாகப் பாடியது அரங்கின் ஆவணக்காப்பாளருடைய அம்மா. உடைப்பிரிவில் தையல் வேலை பார்த்தவள், அந்த ஒரு மாலை பாடினாள், மறுநாள் திரும்பவும் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். பிறகு கல்யாணம், பிள்ளை, மூட்டுவலி. அவளுக்கென்று இருந்தது அந்த மாலை ஒன்றுதான்.

அறுபதாம் ஆண்டுக்குக் கல் பதிக்கப்போகிறோம், தேதியைச் சரிபார்த்துக் கொடுங்கள் என்றார் மேலாளர். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தார் ஆவணக்காப்பாளர், பாவம். பதின்மூன்றாம் தேதிப் பத்திரிகை, முந்தின நாள் நாடகத்தைப் பார்த்து அரங்கமே எழுந்து நின்றதாக எழுதியிருந்தது. டிக்கெட் புத்தகமோ பன்னிரண்டாம் தேதி ஒன்றுகூட விற்கவில்லை, பத்தொன்பதாம் தேதி அத்தனையும் விற்றது என்றது. மூன்று மாதம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு இயக்குநரின் நாட்குறிப்பு கிடைத்தது. பன்னிரண்டு, கடைசி ஒத்திகை. பாடகிக்குத் தொண்டை கட்டியதால் தையல்காரப் பெண் பாடினாள். பத்திரிகை விமர்சகருக்கோ முதல் காட்சி நாளான பத்தொன்பதாம் தேதி கல்யாணமாம். ஒத்திகையைப் பார்த்துவிட்டு, கூட்டத்தையும் தானே கற்பனை செய்து எழுதிக் கொடுத்துப் போய்விட்டார் மகராசன். பக்கம் நிரம்பாத பத்திரிகை மறுநாளே அதைப் போட்டுவிட்டது.

ஆவணக்காப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "எதையாவது ஒண்ணைப் போட்டுக் குடுங்க, கல் வெட்டுறவர் காத்துக்கிட்டிருக்கார்" என்று மேலாளர் தினமும் நச்சரித்தார். பன்னிரண்டு என்று எழுதக் கை வரவில்லை, பத்தொன்பது என்று எழுத மனசு வரவில்லை. கடைசியில் அம்மாவிடமே மென்று விழுங்கிச் சொன்னார்.

"அப்போ முதல்ல பாடினது நான் இல்லையாடா?"

"அது ஒத்திகைம்மா."

"கை தட்டினாங்களே?"

"ஒரு டிக்கெட்கூட விக்கலையேம்மா, யாரு தட்டியிருப்பா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. தட்டினாங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை.

அவர் பத்தொன்பது என்றே எழுதிக் கொடுத்தார், கல்லில் அப்படியே வெட்டினார்கள். அடுத்த ஆகஸ்ட் பன்னிரண்டு, வாயிற்காவலர் ஏழரை மணிவரை காத்திருந்தார். அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் ஏழு மணிக்கே ஆவணக்காப்பாளர் வீட்டில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றியிருந்த மூன்று நாற்காலிகள் கைதட்டத் தொடங்கியிருந்தன. "ஐயோ, தரையெல்லாம் கீறுது" என்று அவர் மனைவி கால் துடைக்கும் துணியை மடித்து அவற்றின் அடியில் செருகினாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வந்து, மேஜை முன் நின்று தலை குனிந்தாள். நிமிர்ந்தபோது நான்காவது நாற்காலியைப் பார்த்தாள். அதில் மகன் உட்கார்ந்திருந்தார்.

அவர் எழுந்து நின்றார். அந்த நாற்காலியும் தட்டியது. மறு வருடத்திலிருந்து ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே எழுந்துவிடுவார்.