பாதிப் படகு

"படகு மிதக்குதா தம்பி?"

கேட்டது தபால்காரம்மா. கண்ணாடிக் கடையின் உள்ளறையில், சுவரில் மாட்டிய எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மூக்கின் மேல் கனத்த கண் சோதனைச் சட்டம். கண்ணாடிக்காரர் அதன் வலது வளையத்தில் ஒரு வில்லையைச் செருகிக்கொண்டே, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

"மிதக்குதுக்கா."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. தபால்காரம்மா கண்ணாடி மாற்ற வரும்போதெல்லாம் இதே கேள்வியைத்தான் கேட்பார். இவரும் "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்று அதே பதிலைச் சொல்வார். அன்று அந்தப் பதிலைச் சொல்ல ஏனோ நாக்கு கூசியது. கூச்சத்துக்குப் பயந்து பொய்யில் போய் விழுந்தார்.

தபால்காரம்மா சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்ப என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போறீங்களா? நடுவுல இருக்கறது நல்லாத் தெரியுது தம்பி. ஓரமெல்லாம் இருட்டிக்கிட்டே வருது. போனது திரும்பாது, இருக்கறதைக் காப்பாத்துவோம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆத்தோரத் தெருவெல்லாம் நான்தானே தபால் போட்டேன்? தண்ணியைப் பாத்துக்கிட்டே சைக்கிள் மிதிச்சிருக்கேன். ஒரு நாள் கூட அதுல இறங்கினதில்ல."

"கட்டாயம்க்கா. இந்த மழைக்காலம் முடியட்டும்" என்றார் கண்ணாடிக்காரர். அடுத்த வில்லையைத் தேடி எடுத்தார்.

மிதப்பதாக அவர் சொன்ன படகு அவர் வீட்டுக் கொல்லையில், இரண்டு மரக்கட்டைகளின் மேல், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. படகு என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். நீளமான அடிக்கட்டை ஒன்று, அதிலிருந்து இரு புறமும் விலா எலும்புகள் மாதிரி எழும்பிய வளைந்த சட்டங்கள், ஒரு பக்கம் மட்டும் பாதி உயரத்துக்குப் பலகை. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் ஆரம்பித்தது. அவள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டாள். படகு அங்கேயே இருந்தது.

அவர் சோம்பேறி இல்லை. கடையில் அவர் தேய்த்துக் கொடுக்கும் வில்லையில் ஒரு மயிரிழை பிசகாது. முதலில் அவர் நினைத்தது ஒருவர் உட்காரும் சின்னப் படகுதான். அதற்குப் பலகை அடிக்கத் தொடங்கிய வாரம் ஏதோ பத்திரிகையில் பாய்மரப் படகு ஒன்றின் படம் பார்த்தார். செய்வதே செய்கிறோம், நாலு பேர் போகிற மாதிரி செய்தால் என்ன என்று தோன்றியது. அதைப் பிரித்து மறுபடி ஆரம்பித்தார். பிறகு மேலே ஒரு சின்ன அறை இருந்தால் மழைக்கு ஒதுங்கலாமே என்று தோன்றியது. வேலை எங்கே தடைப்பட்டாலும் அவர் படகைத் திருத்த மாட்டார், திட்டத்தைத் திருத்துவார். திட்டம் பெரிதாகப் பெரிதாக மனசு குளிர்ந்தது. அடுத்த நாள் கடைக்கு வருகிறவர்களிடம் அதை விவரமாகச் சொல்லும்போது, காற்று முகத்தில் அடிப்பதுபோலவே இருக்கும். சொல்லி முடித்ததும் பாதிப் பயணம் போய் வந்த நிறைவு. அதன் பிறகு கொல்லைக்குப் போய் இழைப்புளியைத் தொட யாருக்கு மனசு வரும்?

மனைவியின் தம்பி, ரோட்டில் பழுதாகி நிற்கும் வண்டிகளைக் கட்டி இழுத்துப் போகிற லாரியை ஓட்டுகிறவன், அவருக்குக் 'கேப்டன்' என்று பெயரே வைத்துவிட்டான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் கொல்லையை எட்டிப் பார்த்து, "கேப்டன் மாமா, கப்பல்ல கோழி வளத்தா முட்டையாவது கிடைக்கும்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு, தார்ப்பாயின் முனையை இழுத்துச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் போய்ச் சற்று நேரம் நிற்பார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் கை காலைத் தூக்கிப் பிடித்துவிட்டு வந்து, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பொய்யா சொன்னீங்க? அதுவும் அந்த அம்மாகிட்டயா?"

"வாயில வந்துடுச்சு."

"வாயில வர்றதுக்கா பஞ்சம்? படகு பூராவும் உங்க வாயிலதானே ஓடுது." கோபம் வந்தால் அவள் குரல் உயராது, இறங்கும். "துணி காயப்போட இடம் இல்லாம இத்தனை வருஷம் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா?"

அவர் கொல்லைக் கதவைப் பார்த்தார். "மேல் அறையை விட்டுட்டாக்கூட, இதை முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்" என்றார். "அதுக்குள்ள அந்த அக்காவுக்குக் கண்ணு..."

மனைவி காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவங்க உங்ககிட்ட என்ன கேட்டாங்க? சொன்னதை அப்படியே சொல்லுங்க."

"ஆத்துல ஒரு தடவை கூட்டிட்டுப் போங்கன்னாங்க."

"பாய்மரம் கேட்டாங்களா? நாலு பேர் உட்கார இடம் கேட்டாங்களா?"

"இல்ல."

"என்கிட்ட வர்றவங்க முதல் நாள் என்ன கேப்பாங்க தெரியுமா? எப்ப ஓடலாம்னு கேப்பாங்க. நான் ஓடறதைப் பத்தியே பேச மாட்டேன். கட்டில் ஓரத்துல வந்து உட்காருங்கம்பேன். முகம் சுண்டிப் போயிடும். இவ்வளவுதானாம்பாங்க. இவ்வளவுதான், இன்னைக்கு இவ்வளவுதான். மறுநாளும் வந்து உட்கார்றவங்கதாங்க நடந்து வீட்டுக்குப் போறாங்க."

இரவெல்லாம் அவர் புரண்டு படுத்தார். விடிந்ததும் கொல்லைக்குப் போய்த் தார்ப்பாயை முழுசாக உருவி எறிந்தார். ஈர மரத்தின் வாசனை குப்பென்று வந்தது. அடிக்கட்டையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நடுவில் ஓர் இடத்தில் சத்தம் பொத்தென்று கேட்டது, உளுத்திருந்தது. முன்பாதி கணீரென்று இருந்தது. ரம்பத்தை எடுத்து வந்து அந்த உளுத்த இடத்துக்குச் சற்று முன்னால் வைத்தார்.

வைத்தவர் அப்படியே நின்றார். பாய்மரம், மேல் அறை, நாலு பேர், கழிமுகம் வரை போய் வருவது, கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்ன அத்தனை பேச்சும் அந்தப் பின்பாதியில் இருந்தது. சமையலறை ஜன்னலில் மனைவி நின்றிருந்தாள். கண்ணாடிக்காரர் ரம்பத்தை ஒரு இழுப்பு இழுத்தார். மரத்தூள் செருப்பில் கொட்டியது. பாதி அறுத்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, தூசிதான் என்று வைத்துக்கொள்ளலாம். கடைசி இழுப்பில் பின்பாதி கட்டையிலிருந்து சரிந்து தொப்பென்று மண்ணில் விழுந்தது. அவருக்குத் தோள் இரண்டும் திடீரென்று லேசானது போல இருந்தது. கடைக்குப் போகிற வழியெல்லாம் அது ஏன் என்று யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை.

மீதி இருந்தது இரண்டு பேர் உட்காரும் குட்டிப் படகு. பின்பக்கத்தைத் தட்டையான ஒரு பலகையால் அடைத்தால் போதும். மனைவி இரண்டே கட்டளை போட்டாள். கடையில் படகைப் பற்றி மூச்சு விடக்கூடாது. கடை விட்டு வந்ததும் கொல்லைக்குப் போய் ஒரு வேலையாவது செய்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும், ஒரு ஆணி அடித்தாலும் சரி.

பேசாமல் இருப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. கடைக்கு வந்த ஒருவர், "படகு எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டபோது உதடு துடித்தது. "இந்த வரி படிங்க" என்று பலகையைக் காட்டினார். சொல்லாமல் விட்ட பேச்சு சாயங்காலம் வரை உள்ளேயே கிடந்து உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் அது நேராகக் கைக்கு இறங்கியது. சில நாள் ஒரே ஒரு ஆணி. சில நாள் ஒரு பலகை முழுசாக ஏறியது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. கூடவே அவருக்குக் காய்ச்சல். ஒரு வாரத்துக்கும் மேலாகக் கொல்லைப் பக்கமே போகவில்லை. காய்ச்சல் விட்ட அன்று கதவருகே வந்து நின்றார். இத்தனை வருஷமும் எல்லாம் நின்றுபோனது சரியாக இந்த இடத்தில்தான். மரம் கெட்டதாலோ காசு இல்லாததாலோ இல்லை. நாலு நாள் விட்டுப்போன வேலையின் முகத்தில் விழிக்க வெட்கம். அந்த வெட்கத்தை மூட ஒரு புதுத் திட்டம். இப்போதும் ஒன்று மெல்லத் தலைநீட்டியது: இந்தப் பலகைக்குப் பதிலாக ஃபைபரில் செய்தால் என்ன? காய்ச்சல் உடம்போடு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வந்துட்டியா" என்று வாய்விட்டே சொன்னார். குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மழையில் போய் ஒரு ஆணியை அடித்துவிட்டு வந்தார். வளைந்துதான் இறங்கியது. மறுநாள் அதைப் பிடுங்கி நேராக அடித்தார்.

மழைக்காலம் முடிந்தபோது பலகைகளின் இடுக்குகளில் பஞ்சுத் திரியை அடைத்து, மேலே குங்கிலியப் பிசினைக் காய்ச்சிப் பூசி, இரண்டு துடுப்புகளும் செதுக்கி முடித்திருந்தார். தபால்காரம்மாவின் வீட்டுக்குத் தானே நடந்து போனார். வாசலிலேயே நின்று, "அக்கா, அன்னைக்கு நான் சொன்னது பொய். அன்னைக்குப் படகு மிதக்கல" என்றார்.

"தெரியுமே."

"எப்படிக்கா?"

"எனக்கு ஓரம்தானே தம்பி தெரியல? உங்க மூஞ்சி நடுவுலதானே இருந்துச்சு." தபால்காரம்மா கடகடவென்று சிரித்தார். "பொய்யை மெய்யாக்கிட்டு வரட்டும்னுதான் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். சரி, இப்ப மிதக்குதா?"

"அது ஞாயித்துக்கிழமைதான் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சினன் லாரியோடு வந்தான். கொல்லையை எட்டிப் பார்த்தவன் வாயைத் திறந்தான், கேலி எதுவும் வரவில்லை. படகை ஒரு சுற்று சுற்றி வந்து, பலகைகளை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தான். "மாமா, இது நிஜமாவே படகு மாதிரி இருக்கு" என்றான், ஏமாந்துபோனவன் போல.

ஆற்றங்கரையில் தபால்காரம்மா காத்திருந்தார். கண்ணாடிக்காரர், மனைவி, மச்சினன் மூன்று பேருமாகப் படகைத் தூக்கி இறக்கினார்கள். படகு தண்ணீரில் ஒருமுறை முழுசாக ஆடி, நிமிர்ந்து நின்றது. அடியில் ஒரு இடுக்கிலிருந்து தண்ணீர் நூல்போலக் கசிந்து உள்ளே வந்தது. மச்சினன் தகர டப்பாவோடு பாய்ந்தான்.

"இரு, பலகை ஊறட்டும். ஊறினா உப்பிப்போய் இடுக்கை மூடிக்கும்" என்றார் கண்ணாடிக்காரர். சொன்னாரே தவிர, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. மனைவி கரையில் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். நூல் மெலிந்தது. பிறகு சொட்டானது. வெயில் கரை மரங்களுக்கு மேலே ஏறி வந்தபோது சொட்டும் நின்றிருந்தது.

"மிதக்குதுடா!" என்று கத்தினார். அந்தக் குரலை மனைவி இத்தனை வருஷக் குடித்தனத்தில் கேட்டதே இல்லை. அவள் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள். மச்சினன் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து, "கேப்டன்!" என்றான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

தபால்காரம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்காரர் துடுப்புகளைப் பிடித்து இழுத்தார். படகு ஒரு வட்டம் போட்டுக் கரைக்கே திரும்பி வந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி வட்டம். படகு கட்டுவதைப் பற்றி அத்தனை வருஷம் யோசித்தவர், துடுப்புப் போடுவதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

"தள்ளி உட்காருங்க தம்பி" என்று தபால்காரம்மா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துடுப்பை வாங்கிக்கொண்டார். "நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. ஓரத்தை நீங்க பாத்துக்கங்க. ம், இழுங்க."

இழுத்தார்கள். முதலில் கோணலாக, பிறகு கொஞ்சம் நேராக. கரையும், அதில் கையை நெற்றியில் வைத்து நின்ற மனைவியும், மச்சினனின் லாரியும் மெல்ல மெல்லச் சின்னதாகிக்கொண்டு போயின. தபால்காரம்மா தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி ஆற்றைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

திடீரென்று மேலே குளுமையாக ஒரு நிழல் விழுந்து கடந்தது. பாலம். அதற்கு அடியில் புகுந்து வெளியே வந்துவிட்டிருந்தார்கள். பாலத்தின் மேல் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்த யாரோ ஒருவர் கையை நீட்டிக் காட்ட, பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு ஜன்னல் கைகள் முளைத்தன. முன்பின் தெரியாத அத்தனை கைகளும் அசைந்தன. கண்ணாடிக்காரர் துடுப்பை மடியில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். பக்கத்தில் தபால்காரம்மா விடாமல் துடுப்பை இழுத்துக்கொண்டே இருந்தார். படகு நடு ஆற்றில், வெயிலில், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.