மழைக்காலத்துப் பாசி

இஷ்ரத் கொடுத்த களிம்பை நம்பித்தான் பிரேமலதா குடையை வீட்டில் வைத்துவிட்டுப் பாபநாசத்துக்குக் குளிக்கப் போனாள்.

இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் பிரேமலதா அம்பாசமுத்திரத்து இசக்கிமுருகனுக்கு வாழ்க்கைப்பட்டாள். தச்சநல்லூர்க்காரி இஷ்ரத் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே பிரேமலதாவுக்கு லூபஸ் என்ற நோய் வந்தது. வெயில் பட்டால் கன்னமும் மூக்கும் சிவந்து தடிக்கும், மூட்டெல்லாம் வீங்கும். அதன் பிறகு பகலில் வாசலைத் தாண்டவே குடையும் முழுக்கைச் சட்டையும் வேண்டியதாயிற்று.

இஷ்ரத்தின் ஆராய்ச்சியும் வெயிலைப் பற்றியதுதான். தூத்துக்குடிப் பக்கம் பாறைகளில் ஒட்டி வளரும் சிவப்புப் பாசி, தண்ணீர் வற்றிய நேரத்தில் உச்சிவெயிலில் கிடந்தாலும் கருகுவதில்லை. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் ஒரு பொருளை அது தனக்குத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அதைப் பிரித்தெடுத்துக் களிம்பாக்க முயன்றுகொண்டிருந்தாள். கோடையில் எடுத்த சாற்றைக் கருவியில் வைத்தபோது, அந்தப் பொருள் நிறைய இருப்பதைக் காட்டித் திரையில் கோடு மலைபோல எழும்பியது. பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள்.

அந்தச் சாறு தீர்ந்தது. மழைக்காலத்தில், வெயிலைச் சரியாகக் காணாத பாசியை வாங்கி மறுபடி சாறெடுத்தாள். கோடு எழும்பவில்லை. திரும்ப வைத்துப் பார்த்தாள், படுத்தேதான் கிடந்தது. கருவியில்தான் கோளாறு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, கல்லூரிக் கண்காட்சிக்கு அந்தச் சாற்றிலேயே களிம்பு செய்து டப்பாக்களை நிரப்பினாள்.

"அனுமதி வராம யாருக்கும் பூசக் குடுத்துராதீங்க" என்று அவளுடைய பேராசிரியர் ஹெப்ரான் சொல்லியிருந்தார். கண்காட்சி முடிந்ததும் மிஞ்சிய டப்பாக்களோடு இஷ்ரத் அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறினாள். ஒன்றைப் பிரேமலதாவுக்குக் கொடுத்தாள். மற்றவற்றை, அந்தத் தெருவில் நடவுக்குப் போகும் பெண்களுக்குக் கொடுத்தாள்.

"ஏட்டி, நெசமாவே வெயிலு தாங்குமா?" என்று பிரேமலதா கேட்டாள்.

"பாசியே தாங்குது. நீ தாங்க மாட்டியா?"

பாபநாசம் போய் வந்த மறுநாளே பிரேமலதாவின் முகம் வீங்கிச் சிவந்தது. காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கேள்விப்பட்டு இஷ்ரத் ஓடினாள். கண்ணைத் திறக்க முடியாமல் படுத்திருந்தவள் குரலை வைத்தே ஆளைக் கண்டுகொண்டாள்.

"நான்தான் ரொம்ப நேரம் தண்ணிக்குள்ள நின்னு அழிச்சிட்டேன் போல. நீ எம்புட்டுப் பாடுபட்டுச் செஞ்சது. மன்னிச்சிருட்டி."

இஷ்ரத் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். "இருக்கும்" என்றாள். "தண்ணியில போயிருக்கும்."

"அந்தப் புள்ள சொல்லித்தான குடுத்திருக்கும். நீ கேட்டாத்தான?" என்று இசக்கிமுருகன் மனைவியைக் கடிந்துகொண்டான். பிறகு கீழே போய் இஷ்ரத்துக்கு டீ வாங்கிவந்து கொடுத்தான். அவன் எதிரில் அதைக் குடித்து முடிக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தியில் மஃரிபு தொழ நின்றாள். கை கட்டினாளே தவிர, ஓத வேண்டியது வாயில் வரவில்லை. 'இருக்கும்' என்று தான் சொன்ன சொல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். இசக்கிமுருகனும் கூட இருக்கும்போதே சொன்னாள்.

"தண்ணியில எதுவும் போகல. அந்தக் களிம்புல ஒண்ணுமே கெடையாது. செய்யும்போதே எனக்குத் தெரியும்."

இசக்கிமுருகன் எழுந்து வெளியே போய்விட்டான். பிரேமலதா முகத்தை இஷ்ரத் பக்கம் திருப்பினாள்.

"நேத்து நான் மன்னிப்புக் கேட்டேன். நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்தே?"

"ஆமா" என்றாள் இஷ்ரத்.

"எங்க தெருப் பொம்பளையளுக்கும் குடுத்தியே. மொதல்ல போயி அதத் திரும்ப வாங்கு."

போகும் வழியில் இஷ்ரத் ஹெப்ரானிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. ஆய்வுக்கூடச் சாவியை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டார். அங்கிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் போனாள். பெண்கள் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்றுகொண்டு, டப்பாக்களைத் திரும்பத் தரும்படி கேட்டாள்.

"எதுக்கும்மா? நல்ல மணமாத்தான இருக்கு" என்றாள் சுடலைவடிவு. அந்த நடவுக் கூட்டத்துக்கு மூத்தவள் அவள்தான்.

"அதுல வெயிலத் தடுக்க ஒண்ணும் இல்லக்கா. பிரேமலதா ஆஸ்பத்திரியில கெடக்குறா, என்னாலதான்."

"தெரியாமக் குடுத்துட்டியாக்கும்?"

அப்படியே ஆமென்று சொல்லியிருக்கலாம், அவர்களும் நம்பியிருப்பார்கள்.

"இல்லக்கா. தெரிஞ்சுதான் குடுத்தேன்."

நட்டுக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. யாரும் திட்டவில்லை. சுடலைவடிவு வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு, "வா, எடுத்துத் தாரேன்" என்று முன்னால் நடந்தாள். வீடு வரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. வீடுவீடாக அவளே கூட வந்து எல்லா டப்பாக்களையும் வாங்கிக் கொடுத்தாள்.

பிரேமலதா குணமாகி வீட்டுக்கு வந்தாள். கன்னத்தில் கருமை தங்கிவிட்டது. பார்க்கப் போன இஷ்ரத்தை, "வா, இங்கன உக்காரு" என்றாள், தண்ணீர் கொடுத்தாள், மாத்திரைகளைப் பற்றிப் பேசினாள். ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்தது. இஷ்ரத் எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தப் போனாள்.

"நீ இரு. நான் சாத்திக்கிடுதேன்" என்றாள் பிரேமலதா.