குதிரை ஆகாத உடம்பு

சாரல் பிடித்துவிட்டால் மெட்ராஸ் டாக்டர்கள் குற்றாலத்துக்கு வந்துவிடுவார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் நிற்கும்போது அவர்களும் மனிதர்கள்தாம். ஆனால் தென்காசிக்காரர்கள் விடுவார்களா? தலை துவட்டிக்கொண்டிருப்பவரிடமே எக்ஸ்ரே படத்தை நீட்டுவார்கள். 1984 ஆடியில் அப்படி மாட்டிக்கொண்டவர் சிறுநீரக டாக்டர் சங்கரநாராயணன். போய்ப் பிடித்தவள் முத்துவடிவு.

முத்துவடிவுக்கு முப்பத்திரண்டு வயது. பதினோரு மாதத்துக்கு முன்னால் மெட்ராஸில் இதே டாக்டரின் பொறுப்பில்தான் அவளுடைய அம்மா பார்வதியம்மாளின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து அவளுக்கு வைத்தார்கள். இப்போது மறுபடியும் நான்கு நாளாகக் கால் வீங்கிக்கிடந்தது. சிறுநீர் பாதியாகக் குறைந்துவிட்டது.

டாக்டர் தங்கியிருந்த வாடகை வீட்டு முன்னறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முத்துவடிவு, அவள் அம்மா, கணவன் நெல்லையப்பன், மாமியார் உலகம்மாள். மாமியாரை யாரும் கூப்பிடவில்லை. மருமகள் போகிற இடத்துக்கெல்லாம் அவளுக்கு அழைப்பு தேவைப்பட்டதும் இல்லை.

டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா குடுத்த கிட்னிய உங்க உடம்பு அந்நியன்னு நினைச்சு அடிக்குது. ஸ்டீராய்டு ஊசியெல்லாம் போன மாசமே போட்டுப் பாத்தாச்சு. இனிமே பலமான மருந்துதான். நம்மளை அடிக்கிற செல்லை குதிரை உடம்புல ஏத்தி, அதை எதிர்க்க குதிரை ரத்தத்துல ஊறுறதைப் பிரிச்சு எடுப்பாங்க. அதை ஏத்தினா உடம்போட கோவம் அடங்கும். நாளைக்கே மெட்ராஸ் கிளம்பணும்." காகிதத்தில் எழுத ஆரம்பித்தவர் நிமிர்ந்தார். "இதுக்கு முன்னால குதிரை சீரம் எதுவும் போட்டிருக்கா? பாம்புக்கடி ஊசி, அந்த மாதிரி?"

"இல்ல டாக்டர், ஒண்ணும் போட்டதில்ல" என்றாள் பார்வதியம்மாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

பொய். பச்சைப் பொய்.

1973இல் வாசுதேவநல்லூர் வயல் வரப்பில் முத்துவடிவின் கணுக்காலில் கண்ணாடி விரியன் கடித்தது. காரில் தூக்கிப்போட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். விஷமுறிவு மருந்து பாட்டில் பாட்டிலாக ஏறி அவள் பிழைத்தாள். பத்தாம் நாள் உடம்பெல்லாம் தடித்து, மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் அடித்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். பார்வதியம்மாள் காதில் அது ஏறவில்லை. கடித்த பாம்பு கோபம் தீராமல் திரும்ப வந்திருக்கிறது என்று முடிவுகட்டினாள். மகளைச் சங்கரன்கோவிலுக்குக் கொண்டுபோய்ப் புற்றுமண்ணைப் பூசினாள். ஒரு வாரத்தில் தடிப்பு வாடியது. அன்றிலிருந்து அந்தக் கோவில் ஆடித்தபசுத் திருவிழா தவறாமல் ரகசியமாக ஒரு வெள்ளி நாகம் உண்டியலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ரகசியம் எதற்கென்றால், அடுத்த வருடம் மாப்பிள்ளை வந்துவிட்டது. பாம்பு தீண்டிய பெண் என்று தெரிந்தால் நாகதோஷம் என்று எந்த வீட்டிலும் எடுக்கமாட்டார்கள். சொந்தக்காரர்கள் வாயையெல்லாம் பார்வதியம்மாள் கெஞ்சிக் கூத்தாடி அடைத்தாள். கணுக்காலில் இருந்த இரண்டு புள்ளியைக் கொலுசு பார்த்துக்கொண்டது. மெட்ராஸில் ஆபரேஷனுக்கு முன்பும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அப்போதும் சம்பந்தியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் இதே பதில்தான்.

"போட்டிருந்தா என்ன ஆகும் டாக்டர்?" என்று கேட்டாள் முத்துவடிவு.

"உடம்பு ஒரு தடவை பாத்த குதிரையை மறக்காது. மருந்து ஏற ஆரம்பிச்ச பத்து நிமிஷத்துல மூச்சு அடைச்சுக்கலாம். உயிருக்கே ஆபத்து. முதல்ல தோல்ல துளி குத்திச் சோதனை பண்ணுவோம், ஆனா அதுவும் சில நேரம் ஏமாத்தும்."

முத்துவடிவின் தொடையை அம்மாவின் கை பிடித்து அழுத்தியது. பத்து வருடமாக அழுத்திய அதே கை. முத்துவடிவுக்கு அம்மாமேல் பாசம் உண்டு, உடம்புக்குள்ளேயே அம்மாவை வைத்துக்கொண்டிருப்பவள் அவள். ஆனாலும் அந்த நிமிடம் அந்தக் கையைக் கடித்துவிடலாம்போல ஆத்திரம் வந்தது. கையை எடுத்து அப்பால் வைத்தாள்.

"போட்டிருக்கு டாக்டர். விரியன் கடிச்சு இருவத்தோரு வயசுல போட்டது. பத்தாம் நாளு தடிப்பு, காய்ச்சல், மூட்டு வீக்கம் எல்லாம் வந்துது."

உலகம்மாள் எழுந்தேவிட்டாள். "பாம்பு தீண்டுன பிள்ளையவா எம்மவன் தலையில கெட்டி வச்சிய? அதாம்லா பத்து வருசமா வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல! கிட்னியும் அதாலதான் போயிருக்கு! நாகதோசத்த மறைச்சு எங்குடிய கெடுத்துட்டியளே!"

"மதினி, மெதுவா..." என்று பார்வதியம்மாள் அழுதாள்.

 டாக்டர் எழுதிய காகிதத்தைக் கிழித்துப்போட்டார். "அம்மா, கொஞ்சம் உக்காருங்க. பத்தாம் நாள் தடிச்சது பாம்பால இல்ல. பாம்புக்கடி மருந்தையும் குதிரையிலதான் எடுக்கிறாங்க. இவங்க உடம்பு சண்டை போட்டது அந்தக் குதிரையோட. இது தெரியாம நான் மெட்ராஸ்ல ஏத்தியிருந்தா..."

"கேட்டியளா அத்த?" என்றாள் முத்துவடிவு. "எனக்கு இருக்கது நாகதோசம் இல்ல, குதிரை தோசம். ஒங்க ஜோசியருட்ட அதுக்கு என்ன பரிகாரம்னு கேட்டுட்டு வாங்க. வார வரைக்கும் நான் உயிரோட இருக்கேன்."

பத்து வருடத்தில் மாமியாரை அவள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

முயலிலிருந்து எடுக்கிற மருந்தும் உண்டு என்றார் டாக்டர். பம்பாயிலிருந்து வரவேண்டும், நாலு நாள் ஆகும். அதுவும் தடிப்பு, காய்ச்சல் கொண்டுவரலாம், ஆனால் முயலை இந்த உடம்பு இன்னும் பார்த்ததில்லை. கிட்னி தப்புமா என்று கேட்டதற்குப் பாதிக்குப் பாதி என்றார்.

"முயலே வரட்டும்" என்றாள் அவள்.

வெளியே வந்ததும் அம்மா அவளை மறித்தாள். "கிட்னியவே அறுத்துக் குடுத்தவ ஏட்டி நான். ஒன் வாழ்க்கைக்காவ ஒரு பொய் சொல்லப்பிடாதா?"

"கிட்னிய எனக்குக் குடுத்த. பொய்ய யாருக்கும்மா குடுத்த?"

பஸ் ஏறும்போது நெல்லையப்பன், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?" என்றான்.

"சொல்லியிருந்தா கெட்டியிருப்பியளா?"

தென்காசியில் இறங்கியதும் அவன் நேரே ஸ்டேஷனுக்குப் போய் மெட்ராஸ் போகிற கொல்லம் மெயிலுக்கு டிக்கெட் எடுத்துவந்தான். அதை அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ரயிலுக்கு முன்னால், அந்த வருட ஆடித்தபசுக்கென்று அம்மா மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த வெள்ளி நாகத்தை முத்துவடிவு ரதவீதி ஆசாரியிடம் கொண்டுபோனாள். தகடாகத் தட்டச் சொன்னாள். ஆசாரி கையை இழுத்துக்கொண்டார். "சாமிக்கு நேர்ந்ததுல்லா தாயி?"

"நேர்ந்தது எங்கம்ம. கடிபட்டது நான். தட்டுங்க அண்ணாச்சி."

தகட்டின் மேல்பாதியில் 'குதிரை சீரம் ஆகாது' என்று வெட்டச் சொன்னாள். கீழ்ப்பாதியை ஏன் காலியாக விடச் சொல்கிறாய் என்று அவர் கேட்டார். "அடுத்தது எதுன்னு இன்னும் தெரியலல்லா" என்றாள். தாலிக்கொடியில் தாலிக்குப் பக்கத்திலேயே அதைக் கோத்து, சேலைக்கு வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டாள். இனிமேல் அவளுக்காக வேறொருவர் பதில் சொல்லமுடியாது.

வரமாட்டேன் என்று சபதம் போட்ட உலகம்மாள்தான் முதலில் ரயிலேறினாள்.

முயல் மருந்து ஏறிய முதல் நாள் முத்துவடிவைக் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆனால் மூச்சு நின்றுவிடவில்லை. ஆறாம் நாள் சிறுநீர் அளக்கும் ஜாடியில் கோடு ஏறியது. எட்டாம் நாள் நர்ஸ் இரண்டாவது ஜாடி கொண்டுவந்தாள். பத்தாம் நாள் உடம்பு தடித்து மூட்டு வீங்கியது. உலகம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் புற்றுமண்ணோடு கட்டிலை நெருங்கினாள்.

"நான் அப்பமே சொன்னேம்லா, தோசம் சும்மா விடாதுன்னு!"

முத்துவடிவுக்குத் தாடையை அசைக்கவே வலித்தது. அசைத்தாள். "பாம்பும் இல்ல, குதிரையும் இல்ல அத்த. இது முயல்."

தடிப்பு வடிந்து, கிட்னியும் தப்பி, ஐப்பசியில் ஊர் திரும்பியதும் ஆசாரி முன்னால் போய் உட்கார்ந்து தகட்டைக் கழற்றி நீட்டினாள். அம்மாவும் கூட வந்திருந்தாள். கீழ்ப்பாதியில் என்ன வெட்ட என்று ஆசாரி கேட்டார். முத்துவடிவு வாயைத் திறப்பதற்குள் பார்வதியம்மாள் முந்திக்கொண்டாள்.

"முயல் சீரமும் ஒத்துக்கிடலன்னு போடுங்க" என்றாள் ரதவீதிக்கே கேட்கிற மாதிரி. "அதுக்குக் கீழ, எழுபத்திமூணுல பாம்பு கடிச்சதுன்னும் வெட்டுங்க. எம்மவளத்தான் கடிச்சுது."