சூரியப் பலகையில் ஒரு பொட்டு

படிவத்தில் இரண்டு பெயர்களுக்கு இடம் இருந்தது. என்னுடையதை எழுதி ஒரு மாதமாகிவிட்டது. என் கணவர் தவத்தின் இடம் வெறுமையாகவே கிடந்தது.

பன்னிரண்டு வருடங்களாக இந்த நாட்டில் தற்காலிக விசாவில் இருக்கிறவர் அவர். ஹரிஸ் பார்க்கில் இது எங்களுடைய ஐந்தாவது வாடகை வீடு. எந்த வீட்டுச் சுவரிலும் அவர் ஓர் ஆணி அடித்ததில்லை. காலண்டர் குசினி மேசையில் சாய்ந்தே நிற்கும். விட்டுவிட்டுப் போக வேண்டிவரும் எதையும் அவர் இங்கே சேர்ப்பதில்லை. அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று சில நாட்களில் யோசிப்பேன். கேட்டதில்லை.

சொந்தக் கூரை இல்லாதவர்கள் சேர்ந்து நடத்தும் மின்சாரக் கூட்டுறவில் சேர்வதற்கான படிவம் அது. தொலைவில் ஒரு வயலில் சூரியப் பலகைகள். அங்கே விளைவதில் நம் பங்கு வீட்டுக் கரண்ட் பில்லில் கழியும். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால்தான் சேர்ப்பார்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பொய்தான். அவர் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

கூட்டுறவு வயலைச் சுற்றிக்காட்டிய நாளில் அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். முதல் வரிசையில் ஒரு பலகை பளபளத்துக்கொண்டிருந்தது. கைப்பையிலிருந்த சந்தனத்தைக் குழைத்து அதன் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன்.

"ஐயையோ மேடம்! பொட்டோட நிழல் விழுந்தா வரிசை முழுக்க கரண்ட் குறைஞ்சிடும்!" கூட்டுறவின் நிர்வாகக் குழுவில் இருக்கும் சென்னைக்காரர் சடகோபன் ஓடி வந்தார்.

"எங்கட பலகைக்குத்தானே வைச்சனான்?"

"உங்களோடதுன்னு தனியா எதுவும் கிடையாது. எல்லாம் எல்லாருக்கும்."

தவம் சிரித்தார். "புதுக் கார் எண்டு நினைச்சிட்டா. நல்ல காலம், சில்லுக்குக் கீழை வைக்கத் தேசிக்காய் கொண்டு வரேல்லை."

கார் கழுவும் கடையில் வேலை செய்கிற கை. தண்ணீர்ப் போத்தலைச் சரித்து, தன் கைலேஞ்சியால் மூலை வரை துடைத்தார். அடுத்த பலகையில் கிடந்த பறவை எச்சத்தையும் விடவில்லை.

"அது எதுக்கு சார்?"

"எல்லாம் எல்லாருக்கும் எண்டனீங்கள்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எங்களை நாளைக்கே போகச் சொன்னா?"

"பங்கை வேற ஒருத்தருக்கு மாத்திடலாம். வீடு மாறினா புது பில்லுக்கே வந்துடும்."

தவம் அந்த வரிசையின் கடைசி வரை பார்த்தார். என்னிடம் கையை நீட்டினார். "படிவத்தைத் தாரும்." கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"மேடம் போட்டுட்டாங்களே," என்றார் சடகோபன். "ஒருத்தர் கையெழுத்தே போதும்."

நான் புல்லைப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் வைக்கோணும் எண்டல்லோ சொன்னனீர்?"

"ஓம்."

"பொய்?"

"ஓம்."

திருப்பித் தந்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் படிவத்தைப் பலகையின் இரும்புக் காலில் வைத்து அழுத்தி, முழுப் பெயரையும் எழுதினார். ஓரத்தில் அவர் பெருவிரல் மஞ்சளாகப் பதிந்தது.

"ஐயோ, சந்தனம்!" நான் துடைக்கப் போனேன்.

"விடும்," என்றார். "இதிலை நிழல் விழாது."